வாத்தியாருக்கும் ஒரு பாடம்!

"கானா!" என்கிறார் வாத்தியார்.

"கானா!" என்கிறான் பையன்.

"இல்லை, இல்லை. கானா!" என்கிறார் வாத்தியார் மறுபடியும்.

"அதைத்தானே நானும் சொன்னேன்?" என்று விழிக்கிறான் பையன்.

வாத்தியார் சொன்னது சாப்பாடு. பையனின் வாயில் வந்ததோ ஒற்றைக் கண்ணன்! இன்னும் கொஞ்சம் அழுத்தம் மாறியிருந்தால் அது பாட்டு ஆகியிருக்கும். இந்தியில் இவை மூன்றும் மூன்று சொற்கள். மூன்றுக்கும் முதல் எழுத்து வேறு வேறு. தமிழில் எழுதினால் மூன்றும் ஒரே "கானா"தான்!

வடநாட்டில் பிறந்த ஒருவர், தமிழ்ப் பிள்ளைக்கு இந்தி சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தால், முதல் நாளே இந்தத் தகராறு வந்துவிடும். சென்னையானாலும் சரி, கோவில்பட்டிக்குப் பக்கத்தில் உள்ள இளையரசனேந்தல் போன்ற கரிசல் ஊரானாலும் சரி, இதில் மாற்றம் இல்லை.

"இந்தி அவருக்குத் தாய்மொழி ஆயிற்றே! அவரைவிட நன்றாகச் சொல்லிக்கொடுக்க யாரால் முடியும்?" என்று பெற்றோர் நினைக்கிறார்கள்.

இந்த நினைப்பில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி உண்மை அல்ல. அந்த மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ளாவிட்டால் பணமும் போகும்; பிள்ளையின் ஆர்வமும் போகும்.

வீட்டுக்கு வந்த பாடம்

தமிழ்நாட்டில் இந்தி, வீட்டுப் பாடமாக ஆனதற்கு ஒரு வரலாறு உண்டு.

1938-ம் ஆண்டு, அன்றைய சென்னை மாகாணப் பள்ளிகளில் இந்தி கட்டாயப் பாடமாக்கப்பட்டது. எதிர்ப்பு மூண்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறை சென்றார்கள். நடராசன், தாளமுத்து என்ற இரண்டு இளைஞர்கள் சிறைவாசத்தின்போது நோயுற்று, 1939-ல் உயிர் இழந்தார்கள். 1940-ல் கட்டாயம் கைவிடப்பட்டது.

1965-ல் மறுபடியும் பெரிய கிளர்ச்சி. மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். பல உயிர்கள் பலியாயின. 1968 ஜனவரியில், அண்ணா முதல்-அமைச்சராக இருந்தபோது, சட்டசபை ஒரு தீர்மானம் செய்தது. அரசுப் பள்ளிகளில் தமிழும் ஆங்கிலமும் போதும் என்ற இரு மொழிக் கொள்கை அன்று வந்தது.

வெறுப்பு மொழியின் மேல் அல்ல, கட்டாயத்தின் மேல். "படித்தே தீரவேண்டும்" என்று சொன்னபோது எதிர்த்த அதே ஊர்களில், "படித்தால் உதவும்" என்று தோன்றியவர்கள் தாங்களாகவே படித்தார்கள், இன்றும் படிக்கிறார்கள்.

படிப்பவர்கள் யார்? ராணுவத்துக்கும் ரெயில்வேக்கும் போக நினைக்கும் இளைஞன். வடநாட்டுக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் லாரி டிரைவர். டில்லியிலோ மும்பையிலோ வாழ்க்கைப்படப் போகும் பெண். வடநாட்டு வியாபாரியுடன் கடிதப் போக்குவரத்து வைத்திருக்கும் தீப்பெட்டிக்காரர்.

இவர்களுக்குத் தேவை ஒரு பட்டம் மட்டும் அல்ல. வாய் திறந்து நாலு வார்த்தை பேசும் தைரியம்.

அந்தத் தைரியத்தைக் கொடுப்பதுதான் வீட்டு வாத்தியாரின் வேலை.

முதல் வாத்தியார் யார்?

1918-ம் ஆண்டு, தென்னாட்டில் இந்தி கற்பிக்க வேண்டும் என்று காந்திஜி முடிவு செய்தார். தம்முடைய கடைசி மகன் தேவதாஸ் காந்தியைச் சென்னைக்கு அனுப்பினார். அப்போது தேவதாசுக்கு வயது 18!

சென்னை கோகலே மண்டபத்தில் அன்னிபெசன்ட் அம்மையார் வகுப்பைத் தொடங்கிவைத்தார். அந்தச் சிறு வகுப்பிலிருந்து வளர்ந்ததுதான் தட்சிண பாரத இந்திப் பிரசார சபை. காந்திஜி தம் கடைசி நாள் வரை அதன் தலைவராக இருந்தார். 1964-ல் பாராளுமன்றம் ஒரு சட்டம் செய்து, அதைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் என்று அறிவித்தது.

இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு.

தேவதாசின் தாய்மொழி இந்தி அல்ல. குஜராத்தி!

அவரும் இந்தியைக் கற்றுக்கொண்டவர்தான். பின்னால் ஹரிஹர சர்மா போன்ற தமிழர்கள் பிரயாகைக்குப் போய் இந்தி கற்றுத் திரும்பி, தமிழர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

அதற்கும் 10 ஆண்டு முன்னால், 1908-ல், சென்னையில் ஓர் இந்தி வகுப்பு தொடங்கியதைத் திலகருக்குக் கடிதம் எழுதித் தெரிவித்தவர் யார்? மகாகவி பாரதியார்! கோவில்பட்டிக்குப் பக்கத்தில் உள்ள எட்டயபுரத்தில் பிறந்தவர். இளம் வயதில் காசியில் தங்கியிருந்தபோது, இந்தி வழங்கும் ஊரிலேயே அந்த மொழியைப் படித்தவர்.

தாய்மொழிக்காரர்களும் வந்து கற்பித்தார்கள். ஆனால் தென்னாட்டின் இந்தி வகுப்புகள் அவர்களை மட்டும் நம்பி நடக்கவில்லை. கற்றுக்கொண்டவர்களே மற்றவர்களுக்குக் கற்பித்தார்கள்.

தெரியும், சொல்லத் தெரியாது

ஒரு சிறு சோதனை.

"மரம்" என்ற சொல்லோடு "இல்" சேர்த்தால் என்ன வரும்? "மரமில்" என்று எந்தத் தமிழ்க் குழந்தையாவது சொல்லுமா? சொல்லாது. "மரத்தில்" என்றுதான் சொல்லும். "வீடு" என்பது "வீட்டில்" ஆகும். "ஆறு" என்பது "ஆற்றில்" ஆகும்.

ஏன் அப்படி?

கேட்டுப் பாருங்கள். பத்துப் பேரில் ஒன்பது பேர், "அது அப்படித்தான்!" என்பார்கள்.

தவறாகச் சொல்ல அவர்களுக்கு வராது. ஆனால், ஏன் என்று சொல்லவும் வராது. தாய்ப்பாலோடு வந்த மொழி அப்படித்தான் இருக்கும். நடக்கத் தெரிந்தவர் எல்லாம், எந்தத் தசை எப்போது அசைகிறது என்று சொல்லிவிட முடியுமா?

இந்தியைத் தாய்மொழியாகக் கொண்டவரின் நிலைமையும் இதுவே. அவர் காது தவறை உடனே கண்டுபிடிக்கும். அவர் நாக்கு சரியான ஒலியைத் தரும். பழமொழியும் கேலியும் கோபமும் கொஞ்சலும் அவரிடம் இயல்பாக வரும். இது பெரிய செல்வம். எந்தப் புத்தகமும் இதைக் கொடுத்துவிட முடியாது.

ஆனால் பிள்ளை, "ஏன்?" என்று கேட்கும்போது, "அது அப்படித்தான்!" என்ற பதில்தான் வந்தால், பாடம் அங்கேயே நின்றுவிடும்.

எந்த ஊர் இந்தி?

இன்னொரு விஷயமும் இருக்கிறது. வடக்கிலிருந்து வந்தவர் எல்லாரும் வீட்டில் ஒரே இந்தி பேசுகிறவர்கள் அல்ல.

பீகாரிலிருந்து வந்தவர் வீட்டில் போஜ்புரியோ, மைதிலியோ, மகஹியோ பேசலாம். ராஜஸ்தானத்துக்காரர் வீட்டில் மார்வாரி பேசலாம். மைதிலி தனி மொழியாகவே அரசியல் சட்டத்தின் 8-வது அட்டவணையில் இடம் பெற்றுவிட்டது.

2011-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கில், இந்தி பேசுகிறவர்கள் என்று கணக்கிடப்பட்டவர்கள் 100-க்கு சுமார் 44 பேர். அந்தக் கணக்கிலேயே போஜ்புரி பேசுகிற 5 கோடிப் பேரும் அடக்கம். ராஜஸ்தானப் பேச்சுகளும் அடக்கம்.

பாடப் புத்தகத்தில் உள்ளது, டில்லி வட்டாரப் பேச்சின் மேல் எழுந்த "கடி போலி" என்ற இந்தி. அதில் "நான்" என்பதற்கு "மைம்" என்று வரும். பீகாரிலும் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலும் பலர் தம்மையே "ஹம்" என்பார்கள். புத்தகத்தில் "ஹம்" என்றால் "நாங்கள்"! புத்தகம் "முஜே" என்று சொல்லும் இடத்தில், மும்பைத் தெரு "மேரே கோ" என்று சொல்லும்.

எது தவறு? பேச்சில் எதுவும் தவறு அல்ல. நெல்லைத் தமிழும் கோவைத் தமிழும் போல அவை வட்டார வழக்குகள். ஆனால் பரீட்சைக்குப் போகும் பிள்ளைக்கு எது புத்தக இந்தி, எது தெரு இந்தி என்று பிரித்துக்காட்ட வேண்டும். அதற்கு வாத்தியாருக்கு இரண்டும் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்று முட்டுக்கட்டைகள்

தமிழ்ப் பிள்ளை இந்தி படிக்கும்போது மூன்று இடங்களில் தடுக்கி விழுகிறது.

முதல் முட்டுக்கட்டை: ஒலி.

தமிழில் க, ச, ட, த, ப என்ற ஐந்து எழுத்துகள். இந்தியில் இந்த ஐந்தும் நந்நான்காகப் பிரியும். மொத்தம் இருபது! "பல்" என்று தமிழில் எழுதினால் வாயில் இருக்கும் பல். இந்திச் சொற்களைத் தமிழில் எழுதும்போதோ அதே "பல்" ஒரு நொடியாகும், பழமாகும், பலமும் ஆகும்!

இருபது ஒலியையும் புதிதாகக் கற்க வேண்டுமா? வேண்டியதில்லை. இங்கேதான் தமிழ் கைகொடுக்கிறது.

தங்கம், மஞ்சள், வண்டி, பந்து, கம்பு - இந்த ஐந்து சொற்களை உரக்கச் சொல்லிப் பார்க்கலாம். "தங்கம்" என்பதில் உள்ள "க", "பக்கம்" என்பதில் உள்ள "க" அல்ல. அது மெல்லியது. "மஞ்சள்" என்பதில் உள்ள "ச"வும் அப்படியே. இந்தி கேட்கும் அந்த மெல்லிய ஒலிகள் ஐந்தும், தமிழ்ப் பிள்ளையின் வாயில் ஏற்கனவே இருக்கின்றன! அவற்றை நடுவிலிருந்து எடுத்துச் சொல்லின் முதலில் வைக்கப் பழக்கினால் போதும்.

வல்லொலி ஐந்து, மெல்லொலி ஐந்து. ஆக, பத்து வந்தாயிற்று. மீதிப் பத்தும் மூச்சு சேர்ந்த ஒலிகள். இதற்கு ஒரு துண்டுக் காகிதம் போதும். உதட்டுக்கு முன்னால் மெல்லிய காகிதத்தைப் பிடிக்க வேண்டும். வாத்தியார் மூச்சோடு சொல்லும்போது காகிதம் படபடக்கும். பிள்ளை சொல்லும்போதும் படபடத்தால் வெற்றி! சாப்பாடு என்ற "கானா"வுக்குக் காகிதம் ஆடும். பாட்டு என்ற "கானா"வுக்கு ஆடாது.

தமிழ் தெரியாத வாத்தியார், "கானா, கானா" என்று நூறு தடவை கத்துவார். தமிழ் ஒலி தெரிந்தவர், "தங்கம் சொல்லு" என்பார். வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

இரண்டாவது முட்டுக்கட்டை: ஆண், பெண்.

தமிழில் நாற்காலி அஃறிணை. அதற்கு ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. இந்தியில் எல்லாப் பொருளும் ஆண் அல்லது பெண். கதவு ஆண், ஜன்னல் பெண்! வீடு ஆண், புத்தகம் பெண்! ஆண்களின் முகத்தில் முளைக்கும் மீசை இருக்கிறதே, அது பெண்பால்!

ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. பெரும்பாலும் பழக்கம்தான் காரணம். ஆகவே சொல்லைத் தனியாகக் கற்கக் கூடாது. ஜோடியாகக் கற்க வேண்டும். "அச்சா கர்" என்றால் நல்ல வீடு. "அச்சீ கிதாப்" என்றால் நல்ல புத்தகம். "படா தர்வாஸா" என்றால் பெரிய கதவு. "படீ கிட்கீ" என்றால் பெரிய ஜன்னல். இப்படி ஜோடியாகப் பழகினால், ஆண், பெண் கணக்கு தானாக நாக்கில் உட்கார்ந்துவிடும்.

மூன்றாவது முட்டுக்கட்டை: "நே".

ராமன் ரொட்டி தின்றான். தமிழில் வினைச்சொல் ராமனைப் பார்க்கிறது. இந்தியில், "ராம் நே ரோட்டீ காயீ" என்று வரும். இங்கே வினைச்சொல் ராமனைப் பார்க்கவில்லை. ரொட்டியைப் பார்க்கிறது! ரொட்டி பெண்பால், ஆகவே "காயீ". சீதை பழம் தின்றால், "சீதா நே பல் காயா". பழம் ஆண்பால், ஆகவே "காயா".

நல்ல மாணவர்களும் தடுமாறும் இடம் இது. இதில் ஓர் ஆறுதல் உண்டு. பீகார்ப் பக்கத்தில் பிறந்தவர்களே பேச்சில் இந்த "நே"யை அடிக்கடி விழுங்கிவிடுவார்கள்! பிள்ளை தவறு செய்தால் தலையில் குட்ட வேண்டியதில்லை. பேசிப் பேசித்தான் இது படியும்.

ஏணி வீட்டிலேயே இருக்கிறது

முட்டுக்கட்டைகளை மட்டும் எண்ணினால் பயம் வரும். ஏணிகளும் இருக்கின்றன.

ஆங்கிலம் படிக்கும்போது வாக்கியத்தையே திருப்பிப் போட வேண்டியிருக்கிறது. இந்திக்கு அந்தத் தொல்லை இல்லை. தமிழைப் போலவே வினைச்சொல் கடைசியில் வரும். "வீட்டில்" என்பதைப் போல, "கர் மேம்" என்று உருபு பின்னால் வரும். "ராமனுக்கு" என்பது "ராம் கோ". "எனக்கு வேண்டும்" என்பது "முஜே சாஹியே". தமிழனுக்கும் இந்திக்காரனுக்கும் பசி ஒரே மாதிரிதான் வருகிறது. "எனக்குப் பசிக்கிறது" என்பதைப் போலவே அங்கும் "எனக்கு" என்றுதான் தொடங்குவார்கள்.

மரியாதைச் சொல்லைப் பாருங்கள். இந்தியில் மூன்று உண்டு: தூ, தும், ஆப். சென்னைப் பிள்ளைக்கு "நீ", "நீங்கள்" என்ற இரண்டுதான் பழக்கம். நெல்லைச் சீமையிலோ, நடுவில் "நீர்" என்று ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது! ஏறக்குறைய அதேதான் கணக்கு. இளையரசனேந்தல் பிள்ளைக்கு இந்தப் பாடம், சென்னைப் பிள்ளையைவிடச் சுலபம்.

முதல் நாளே "ஆப்" சொல்லிக்கொடுப்பது நல்லது. சினிமாவிலிருந்து "தூ" மட்டும் பொறுக்கிக்கொண்டு, தன் தகப்பன் வயதுள்ள வடநாட்டுத் தொழிலாளியைப் பார்த்து அப்படிக் கூப்பிடும் பையன், மொழியும் கற்கவில்லை; மரியாதையும் கற்கவில்லை.

இந்த ஏணிகள் எல்லாம் தமிழ் தெரிந்த வாத்தியார் கண்ணுக்குத்தான் தெரியும். தமிழே தெரியாதவர், ஏணி பக்கத்தில் சாய்ந்து கிடக்க, பிள்ளையைச் சுவரில் ஏறச் சொல்வார்.

கரிசல் மண் சொல்லும் சாட்சி

பிறர் மொழியை ஒருவர் உழைத்துக் கற்று, அதன் சொந்தக்காரர்களுக்கே ஆசிரியர் ஆக முடியுமா?

முடியும் என்பதற்குச் சாட்சி தேடி வெகு தூரம் போக வேண்டியதில்லை. இளையரசனேந்தலைச் சுற்றியுள்ள கரிசல் சீமையிலேயே இருக்கிறது.

கோவில்பட்டிக்குப் பக்கத்தில் காமநாயக்கன்பட்டி. சுமார் 300 ஆண்டுகளுக்கு முன், இத்தாலி நாட்டிலிருந்து வந்த பெஸ்கி பாதிரியார் தொண்டு செய்த ஊர்களில் அதுவும் ஒன்று. தமிழ் மக்களுக்கு அவர் வீரமாமுனிவர். "தேம்பாவணி" பாடினார். "சதுரகராதி" தொகுத்தார். இலக்கணம் எழுதினார். புதிதாக வரும் பாதிரிமார்களுக்காக, பேச்சுத் தமிழுக்குத் தனியாக ஓர் இலக்கணமும் எழுதினார். குழந்தைகள் சிரித்துப் படிக்கும் பரமார்த்த குரு கதையும் அவருடையதே. தமிழ் கற்க வந்த வெள்ளைக்காரர்களுக்கு அந்தக் கதை பிற்காலத்தில் வாசிப்புப் பாடமாகவும் உதவியது.

தமிழ் அவருக்குத் தாய்மொழி அல்ல. அதனால்தான், எந்த இடத்தில் புதியவன் தடுக்குவான் என்பது அவருக்குத் தெரிந்தது. தாமும் அங்கே தடுக்கியவர் அல்லவா?

அதே வட்டாரத்தில் இடைசெவல். கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் பிறந்த ஊர். இருவர் வீட்டிலும் பேச்சு தெலுங்கு. இருவரும் தமிழில் எழுதினார்கள். இருவருக்கும் சாகித்திய அகாடமிப் பரிசு கிடைத்தது. கரிசல் வட்டாரத் தமிழ்ச் சொற்களுக்கு அகராதி தொகுத்தவர் கி. ராஜநாராயணன். தெலுங்கு பேசும் வீட்டிலிருந்து தமிழுக்கு அகராதி வந்தது!

கரிசல் சீமைக்கு இரண்டு மொழி புதுமை அல்ல. வீட்டில் ஒன்று, வீதியில் ஒன்று என்று தலைமுறை தலைமுறையாகப் பல குடும்பங்கள் வாழ்கின்றன. ஒன்று வந்ததால் மற்றொன்று அழியவில்லை. இரண்டையும் மதித்ததால் இரண்டும் நின்றன.

பரீட்சையும் பேச்சும்

சபையின் பரீட்சைகள் பரிசய், பிராத்மிக், மத்யமா, ராஷ்டிரபாஷா என்று படிப்படியாக ஏறி, விஷாரத், பிரவீண் வரை போகின்றன. படிக்கட்டு நல்ல படிக்கட்டுதான். எத்தனையோ குடும்பங்களில் தாய்மார்கள், வீட்டு வேலைக்கு நடுவே இந்தப் பரீட்சைகளில் தேறி, தெருப் பிள்ளைகளுக்கு ஆசிரியை ஆகியிருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு அது முதல் சொந்த வருமானம்.

ஆனால் படிக்கட்டை எண்ணிக்கொண்டே ஏறினால் போதாது. கேள்வி-பதில் புத்தகத்தை மனப்பாடம் செய்து, பல படிகள் ஏறிய பிள்ளை, ரெயிலில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் "தண்ணீர் இருக்கிறதா?" என்று கேட்கத் தயங்குகிறது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது!

இந்தக் குறையைத் தீர்க்கத் தாய்மொழிக்காரரைவிடப் பொருத்தமானவர் இல்லை. இலக்கணத்துக்கும் எழுத்துக்கும் தமிழ் தெரிந்த ஆசிரியை. பேச்சுக்கும் காதுக்கும் இந்தி பேசிப் பிறந்தவர். இரண்டு பேரும் கிடைத்தால் அதிருஷ்டம். ஒருவரே இரண்டுமாக இருந்தால் பேரதிருஷ்டம்.

ஒரு மணி நேரப் பாடம் என்றால், அதைப் பங்கு போடலாம். முதல் 10 நிமிடம் நேற்றைய பாடம். அடுத்த 20 நிமிடம், புத்தகத்தை மூடிவைத்துவிட்டுப் பேச்சு மட்டும். பிறகு 15 நிமிடம் வாசிப்பு. கடைசி 15 நிமிடம் எழுத்து. பேச்சு முந்த வேண்டும், எழுத்து பிந்தலாம். குழந்தை தாய்மொழியைக் கற்ற வரிசையும் அதுதானே?

பெற்றோர் கேட்க வேண்டியவை

இந்தி பேசுகிறவர் என்று கேள்விப்பட்டவுடன் முன்பணம் கொடுத்துவிடக் கூடாது. நான்கு கேள்விகள் கேட்க வேண்டும்.

ஒன்று: புத்தக இந்தியை அவர் பள்ளியில் முறையாகப் படித்தவரா? எழுதவும் படிக்கவும் தெரியுமா?

இரண்டு: தமிழ் கொஞ்சமாவது தெரியுமா? தெரியாவிட்டால், கற்றுக்கொள்ள விருப்பம் உண்டா?

மூன்று: பிள்ளை "ஏன்?" என்று கேட்டால் கோபம் வருகிறதா, பதில் வருகிறதா? ஒரு நாள் பாடத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாலே தெரிந்துவிடும்.

நான்கு: ஒரு மணி நேரத்தில் வாத்தியார் பேசுவது எவ்வளவு, பிள்ளை பேசுவது எவ்வளவு? வாத்தியாரே பேசிக்கொண்டிருந்தால், அது சொற்பொழிவு, பாடம் அல்ல.

கேட்பவர்களுக்கும் கடமை உண்டு. ஆலையிலோ கட்டட வேலையிலோ இருக்கும் வடநாட்டு இளைஞரைக் கூப்பிட்டு, "சும்மா வந்து பிள்ளையோடு பேசிவிட்டுப் போ" என்பது நியாயம் அல்ல. நாள் முழுதும் உழைத்தவரின் மாலை நேரத்துக்கு விலை உண்டு. பேசிய சம்பளத்தை, பேசிய நாளில் கொடுக்க வேண்டும். "வாத்தியார்" என்று கூப்பிட்டு, உட்கார நாற்காலி கொடுக்க வேண்டும். கூலிக்காரர் என்று நேற்றுவரை பார்த்தவரை, இன்று பிள்ளை ஆசிரியராகப் பார்ப்பதே ஒரு பெரிய படிப்பு.

கைம்மாறு

இந்தி சொல்லிக்கொடுக்க வந்தவர், அதே திண்ணையில் தமிழ் கற்றுக்கொண்டால் என்ன?

அவருக்கும் முட்டுக்கட்டைகள் உண்டு. "எ", "ஏ" என்ற குறிலும் நெடிலும் அவர் காதுக்கு ஒன்றாகவே கேட்கும். "நாம்", "நாங்கள்" இரண்டுக்கும் அவரிடம் இருப்பது "ஹம்" என்ற ஒரே சொல். "ழ"வோ, அவர் ஊரில் இல்லவே இல்லை. "வாழைப்பழம்" என்று சொல்லச் சொன்னால் நாக்கு எங்கே போவது என்று தெரியாமல் திணறும்.

பிள்ளை சிரிக்கும். சிரிக்கட்டும்! அன்றைக்கு அவருக்குத் தெரியும், "கானா" சொல்லத் தெரியாமல் பையன் பட்ட பாடு. மறுநாள் அவர் குரல் உயராது. நூறு தடவை கத்துவதற்குப் பதில், துண்டுக் காகிதத்தை எடுப்பார்.

ரேஷன் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் பஸ்ஸிலும் நாலு வார்த்தை தமிழ் அவருக்கும் வேண்டும். மருந்து எத்தனை வேளை சாப்பிட வேண்டும் என்பது புரியாமல் எந்த மனிதனும் திண்டாடக் கூடாது. இந்தி கற்கும் வீடு அவருக்குத் தமிழ் கற்பிக்கட்டும். இதில் உயர்ந்தவர், தாழ்ந்தவர் இல்லை. ஒரு மொழி கொடுத்து, ஒரு மொழி வாங்கும் வியாபாரம் இது. இரண்டு பக்கமும் லாபம்!

கட்டாயத்தால் வராத மொழி, அன்பால் வரும். மிரட்டினால் ஏறாத பாடம், புரியவைத்தால் ஏறும். தாய்மொழி என்பது ஒருவருக்குப் பிறப்பிலே கிடைத்த சொத்து. அதைப் பிறருக்குப் பங்கு போட்டுக் கொடுக்கும் திறமையோ, உழைத்துத்தான் சம்பாதிக்க வேண்டும்.

தன் நாக்கு தடுமாறிய இடத்தை மறக்காதவரே, பிறர் நாக்கைத் திருத்தத் தகுந்த ஆசிரியர்.